பெங்களூரில் ஆல்பம் கேட்கும் குழு தொடங்குவது எப்படி: இடம், உரிமம், செலவு, பேச்சு

ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து கேட்டு, அதைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பெங்களூரில் இப்படித் தொடங்கும் தமிழ்க் குழுக்களில் பல, மூன்றாவது கூட்டத்தோடு வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கி, நான்காவது மாதத்தில் காலை வணக்கம் படங்கள் மட்டும் வரும் இடமாகிவிடுகின்றன. ரசனை போதாமல் இப்படி ஆவதில்லை. ஹால் கிடைக்காது, அல்லது ஸ்பீக்கரில் இரைச்சல் வரும், அல்லது ராஜாவா ரஹ்மானா என்று சண்டை மூளும். மூன்றுக்கும் முன்கூட்டியே வழி செய்துவிடலாம். செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்

எட்டுப் பேருக்குக் கீழே போனால், இரண்டு பேர் வராத நாளில் கூட்டம் சோர்ந்துவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் எல்லோருக்கும் பேச நேரம் கிடைக்காது. ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தாலே 36 நிமிடம் ஆகிவிடும். அதனால் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, மூன்று பேரைக் காத்திருப்புப் பட்டியலில் வையுங்கள்.

பெங்களூர்த் தமிழர் என்றால் ஒரே வகை ஆட்கள் இல்லை. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள் நன்றாகத் தமிழ் பேசுவார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது, பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலைக்கு வந்தவர்கள் வேறு வகை. இரண்டு தரப்பும் இருந்தால்தான் குழு ருசிக்கும். ஆகவே அறிவிப்பைத் தமிழில் எழுதுங்கள், கூடவே ஒரு நிமிடக் குரல் பதிவும் போடுங்கள். பாடல் வரிகளை அச்சடித்துக் கொடுத்தாலும், ஒருவர் சத்தமாக ஒருமுறை வாசித்துவிட வேண்டும். படிக்க வராது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அடுத்த மாதம் வராமல் நின்றுவிடுவார்கள்.

கன்னட நண்பர்கள் சேர விரும்பினால் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். இளையராஜா தனியாக இசையமைக்கத் தொடங்கும் முன், கன்னடத் திரையிசையில் பெரிய பெயரான ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். 1981-இல் வெளிவந்த கன்னடப் படமான ‘கீதா’வுக்கு இளையராஜாதான் இசை. அதை மேசையில் வைத்தால் இரண்டு மொழிக்காரர்களும் சம அளவு பேசுவார்கள்.

2. இடம்: மெட்ரோவுக்குப் பக்கம், பக்கத்துச் சுவருக்குத் தூரம்

இருக்கும் வழிகள் நான்கு. என் பரிந்துரை வரிசையில் சொல்கிறேன்.

முதல் வழி, உறுப்பினர் ஒருவருடைய வீட்டு ஹால். செலவில்லை, ஆவணம் இல்லை, உரிமச் சிக்கலும் மிகக் குறைவு. ஆனால் ஒரே வீட்டில் தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் நடத்த வேண்டாம். வீட்டுக்காரர் எதுவும் சொல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கும் மற்றவர்கள் சொல்லத் தொடங்குவார்கள்.

இரண்டாவது, அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ் அல்லது பார்ட்டி ஹால். அங்கே குடியிருப்பவர் பெயரில் மட்டுமே பதிவு செய்ய முடியும். வீட்டு உரிமையாளர் என்றால் ஒரு கடிதம் போதும். வாடகைக்கு இருப்பவர் என்றால் வாடகை ஒப்பந்த நகலையும், சில அசோசியேஷன்கள் உரிமையாளரின் ஒப்புதல் மின்னஞ்சலையும் கேட்கும். கடிதத்தில் இந்த ஐந்தும் இருக்கட்டும்: தேதி, தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், வரும் ஆட்களின் எண்ணிக்கை, ஸ்பீக்கர் பயன்படுத்துவது பற்றி ஒரு வரி, உணவு உண்டா இல்லையா. ‘மியூசிக் பார்ட்டி’ என்று எழுதிவிடாதீர்கள், அந்தச் சொல்லைப் பார்த்ததும் மறுத்துவிடுவார்கள். ‘இசை கேட்டுக் கலந்துரையாடல், 12 பேர், மாலை 6.30-க்கு முடியும்’ என்று எழுதினால் பெரும்பாலும் கிடைக்கும். திருப்பித் தரும் டெபாசிட் வாங்குவார்கள். ரசீதை வாங்கி வையுங்கள், ஹாலைத் திருப்பிக் கொடுக்கும்போது போட்டோவும் எடுத்து வையுங்கள். வாசலில் செக்யூரிட்டி ஆப் இருந்தால் பன்னிரண்டு பேரின் பெயரையும் முந்தின நாளே ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் வாசலில் நின்று உங்களைக் கூப்பிட, முதல் பாட்டு போனிலேயே போய்விடும்.

விநாயகர் சதுர்த்தி வாரத்திலும் நவம்பரிலும் ஹால் கேட்டுப் போகாதீர்கள். கன்னட ராஜ்யோத்சவம் நவம்பர் 1 என்றாலும் கொண்டாட்டங்கள் மாதம் முழுக்க நடக்கும். அந்த மாதத்துக்கு வீட்டு ஹாலை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பொது மண்டபங்கள். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் எல்லோருக்கும் தெரிந்த இடம், பர்ப்பிள் லைன் மெட்ரோவில் அல்சூர் நிலையத்தில் இறங்கிப் போகலாம். இதுபோன்ற இடங்களில் நேரில் போய் அலுவலகத்தில் கேளுங்கள். போனில் ‘வந்து பாருங்கள்’ என்பதைத் தாண்டிப் பதில் கிடைப்பது அரிது. அடையாள அட்டை நகல், கோரிக்கைக் கடிதம், முன்பணம் மூன்றையும் முதல் முறையே கையில் எடுத்துப் போனால் இன்னொரு நடை மிச்சம். ஆறு வாரம் முன்னதாகப் போங்கள்.

நான்காவது, காபிக்கடை. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. காபி இயந்திரத்தின் சத்தம், பக்கத்து மேசைப் பேச்சு, தலைக்கு இவ்வளவு ரூபாய்க்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம், போதாக்குறைக்கு அடுத்த பகுதியில் சொல்லப்போகும் உரிமச் சிக்கல்.

கப்பன் பூங்கா, லால்பாக் யோசனையைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் வைத்தால் காவலர் வந்து அணைக்கச் சொல்வார், அதில் அவர் பக்கம்தான் நியாயமும் இருக்கிறது.

3. உரிமம்: எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் பயப்படுவதும் அதிகம் அலட்சியம் செய்வதும் இந்த ஒரே விஷயத்தில்தான். பொதுவிடத்தில் பாட்டு ஒலிக்கவிட மூன்று பெயர்கள் உங்கள் காதில் விழும். ஐ.பி.ஆர்.எஸ். பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிய உரிமையைப் பார்க்கிறது. பி.பி.எல். ஒலிப்பதிவுக்கு உரியதை. நோவெக்ஸ் சில நிறுவனங்களின் ஒலிப்பதிவுகளை. ஒரே பாட்டுக்கு வரி, மெட்டு என்று ஒரு உரிமை, பதிவு என்று இன்னொரு உரிமை இருப்பதால் ஒன்றை வாங்கினால் மற்றது தானாக வராது.

இப்போது நல்ல செய்தி. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் பிரிவு 52(1)(கே), குடியிருப்பு வளாகத்தில் குடியிருப்போரின் பொதுப் பயன்பாட்டுக்கான மூடிய ஹாலில், அவர்களுக்கான வசதியின் பகுதியாக ஒலிப்பதிவைக் கேட்கச் செய்வது மீறல் ஆகாது என்கிறது. ஹோட்டல் போன்ற வணிக இடங்களுக்கு இது பொருந்தாது. லாப நோக்கமில்லாத கிளப் அல்லது அதைப் போன்ற அமைப்பின் செயல்பாடாக ஒலிக்கவிட்டாலும் மீறல் ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. நம் குழு நிற்க வேண்டிய இடம் இதுதான். அதற்குள் நிற்க வேண்டுமானால் சில ஒழுங்குகள் தேவை:

நுழைவுச் சீட்டு விற்காதீர்கள். டிக்கெட் ஆப்பில் போடவே வேண்டாம். ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்று ஊருக்கே அறிவிக்காதீர்கள். உறுப்பினர் பட்டியல் ஒன்று இருக்கட்டும். விளம்பரதாரரைச் சேர்க்காதீர்கள். வரவு செலவுக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். மிச்சப் பணம் யார் பைக்கும் போகவில்லை என்பதைக் காட்ட அந்த ஒரு பக்கம் போதும்.

காபிக்கடையில் நடத்துவதாக இருந்தால் நிலைமை மாறுகிறது. கடைக்காரர் ‘எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது’ என்பார். எந்த அமைப்பிடம் வாங்கியது, எதுவரை செல்லும், பின்னணி இசைக்கானதா நிகழ்ச்சிக்கானதா என்று மூன்றையும் கேளுங்கள். கடையில் மெல்ல ஒலிக்கும் பாட்டுக்கான ஆண்டு உரிமமும், ஆட்களைக் கூட்டி நடத்தும் நிகழ்ச்சிக்கான உரிமமும் வெவ்வேறு கட்டணம் உள்ளவை. நகலைக் காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். பெரிய அளவில், கட்டணம் வைத்து நடத்த முடிவெடுத்தால் அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் தேதி, இடம், ஆள் எண்ணிக்கை கொடுத்து விண்ணப்பிக்கலாம். இரண்டு வாரமாவது முன்னதாகச் செய்யுங்கள். அந்த நிலைக்குப் போகும்போது ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

இரண்டு பொறிகள் மீதம். ஸ்ட்ரீமிங் ஆப்களின் சந்தா சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அவற்றின் விதிமுறையிலேயே இருக்கிறது. வீட்டு ஹாலில் நண்பர்களோடு கேட்பது வேறு, வெளி ஹாலில் ஓடவிடுவது வேறு. வெளி ஹால் என்றால் காசு கொடுத்து வாங்கிய சிடி, எல்பி இசைத்தட்டு, அல்லது காசு கொடுத்து இறக்கிய கோப்பைப் பயன்படுத்துங்கள். அடுத்து, கூட்டத்தை நேரலையில் விடாதீர்கள். பின்னணியில் பாட்டு இருபது வினாடி ஒலித்தாலும் பதிப்புரிமைக் கோரிக்கை வரக்கூடும். பதிவு செய்யத்தான் வேண்டும் என்றால் பாட்டு நின்றபிறகு பேச்சை மட்டும் பதியுங்கள், அதற்கும் எல்லோருடைய சம்மதத்தையும் முதலிலேயே கேளுங்கள்.

ஒலி மாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல், இரவு 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. மாலை 6.30-க்கு முடித்துவிடும் கூட்டத்துக்கு இது பெரிய கவலை இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வெளியே நின்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

4. பணம்

ஆளுக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு பேருக்கு 1,800 ரூபாய். ஹால் வாடகைக்கு 1,000, டீயும் பலகாரமும் ஆளுக்கு 50 வீதம் 600, வரிகள் அச்சடிக்கவும் சில்லறைக்கும் 100, ஒயர் போன்றவை வாங்கச் சேர்க்கும் நிதிக்கு 100. வாடகை இதற்கு மேல் போகும் ஹால் உங்களுக்கு ஏற்ற ஹால் இல்லை. பெங்களூரில் சில அபார்ட்மென்ட் ஹால்கள் இலவசம், சிலவற்றுக்கு நாள் வாடகையே பல ஆயிரம். மணிக்கணக்கில் கொடுப்பார்களா என்று கேட்க மறக்காதீர்கள், பலர் கேட்காமலே முழு நாளுக்குக் கட்டிவிடுகிறார்கள்.

பணத்தைக் கூட்டத்தன்று வசூலிக்காதீர்கள். முந்தின புதன்கிழமைக்குள் யுபிஐ-யில் ஒரே ஒருவருக்கு வர வேண்டும், வந்தவர் பெயர் மட்டுமே பட்டியலில் இருக்கும். பணம் கட்டியவர் வராமல் போனால் திருப்பித் தருவதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கடுமையாகத் தெரியும்தான். ஆனால் ஞாயிறு மதியம் மழை பிடித்தால் பாதிப் பேர் வராமல் போகும் ஊர் இது.

5. ஆல்பத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒரு கூட்டத்துக்கு ஒரு ஆல்பம், 50 நிமிடத்துக்குள். எல்பி காலத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம் என்று இருந்த அளவு மனிதக் காதுக்கு நன்றாகவே பொருந்துகிறது. தமிழ்த் திரைப்பட ஆல்பங்கள் பெரும்பாலும் ஐந்தாறு பாட்டோடு அரை மணிக்குள் முடிந்துவிடும், நேரம் மிஞ்சினால் இரண்டாம் முறை ஓடவிடலாம்.

முதல் கூட்டத்துக்கு எல்லோருக்கும் மனப்பாடமான ஆல்பம் வேண்டாம். 1992-இல் வந்த ரஹ்மானின் ‘ரோஜா’வை வைத்தால் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள், அவரவர் கல்லூரி நாட்களைத்தான் கேட்பார்கள். நான்காவது ஐந்தாவது கூட்டத்துக்கு அதை வையுங்கள். அதற்குள் கேட்கும் பழக்கம் வந்திருக்கும், ‘இந்த பேஸ் இப்படிப் போகிறது என்று இதுவரை கவனித்ததே இல்லை’ என்று யாராவது சொல்வார்கள்.

முதல் கூட்டத்துக்கு 1986-இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ மிகப் பொருத்தம். வரிகளே கிடையாது, அதனால் மொழி தெரிந்தவர் தெரியாதவர் என்ற பிரிவு இல்லை. கர்நாடக சங்கீதம் தெரிந்தவருக்கும் மேற்கத்திய இசை தெரிந்தவருக்கும் பிடி கிடைக்கும். இரண்டும் தெரியாதவர் சொல்வதுதான் பல நேரம் கூர்மையாக இருக்கும்.

இரண்டாவது கூட்டத்தில் வேறு உலகத்துக்குப் போய்விடுங்கள். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, 1959, ஐந்தே உருப்படிகள், சுமார் 45 நிமிடம். மூன்றாவதுக்கு ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் சேர்ந்த சக்தி குழுவின் முதல் ஆல்பம், 1976. மேடைக் கச்சேரிப் பதிவு அது, மொத்தம் மூன்று உருப்படி, கடைசியது மட்டுமே அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. கடம் எங்கே பேச ஆரம்பிக்கிறது என்று காத்திருந்து கேட்கச் சொல்லுங்கள். ஜாஸ் ஆளும் கச்சேரி ஆளும் ஒருவருக்கொருவர் விளக்கம் கேட்கத் தொடங்குவார்கள். குழு ஒட்டிக்கொள்வது அங்கேதான்.

2005-இல் வந்த இளையராஜாவின் ‘திருவாசகம்’ வைக்க ஆசைப்பட்டால் வரிகளைப் பொருளோடு அச்சடித்துக் கொடுங்கள். புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது என்பதால் பேச்சு வாத்தியங்கள் பக்கமே சாய்ந்துவிடும், மாணிக்கவாசகர் ஓரத்தில் நிற்பார்.

முழுநீளக் கர்நாடகக் கச்சேரி இந்த நேரத்துக்குள் அடங்காது. ஒரே ஒரு ராகம் தானம் பல்லவியை (ராகத்தை விரிவாக எடுத்துப் பாடும் நீண்ட உருப்படி) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுத்த ஆல்பத்தில் இவற்றைச் சரிபாருங்கள். ஆப்பில் இருக்கும் பாட்டு வரிசை இசைத்தட்டின் வரிசைதானா? பழைய தமிழ் ஆல்பங்கள் ‘சிறந்த 50’ தொகுப்புகளில் சிதறிக் கிடக்கும், வரிசை மாறியிருக்கும், ஒரு பாட்டு காணாமலே போயிருக்கும். இசைத்தட்டு உறையின் படத்தைத் தேடி அந்த வரிசையில் நீங்களே அடுக்குங்கள். அறுபதுகளின் பாட்டு ஸ்டீரியோவில் இருந்தால் சந்தேகப்படுங்கள். பின்னாளில் புதிதாக மேளமும் எதிரொலியும் ஏற்றிய பதிப்பாக இருக்கலாம். பாட்டின் நீளத்தைப் பழைய பதிவோடு ஒப்பிட்டால் சில நேரம் அதிலேயே தெரிந்துவிடும்.

6. ஸ்பீக்கர், ஒயர், கரண்ட்

ப்ளூடூத் பார்ட்டி ஸ்பீக்கர் வேண்டாம். பேஸ் மட்டும் அதிரும், வயலின் கூட்டம் ஒரே மந்தையாகக் கேட்கும். உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள புத்தக அலமாரி ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒவ்வொன்றும் 30 முதல் 50 வாட், பன்னிரண்டு பேருக்குத் தாராளம். உறுப்பினரில் யாரிடமாவது இருக்கும், முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள்.

இரண்டுக்கும் நடுவே இரண்டு மீட்டர். சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள், மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து மூன்றடி சொச்சத்தில் ட்வீட்டர் (ஸ்பீக்கர் பெட்டியில் கீச்சொலி தரும் சின்ன வட்டம்) இருக்க வேண்டும். கிளப் ஹவுஸில் கண்ணாடிச் சுவரும் டைல்ஸ் தரையும் இருந்தால் எதிரொலிக்கும். ஜமுக்காளம் இரண்டு விரித்து, திரையை இழுத்துவிடுங்கள். இந்த வேலைக்குப் புது ஸ்பீக்கரைவிட ஜமுக்காளம் அதிகம் உதவும்.

ஒயர்: ஒரு முனையில் 3.5 மி.மீ. பின், மறுமுனையில் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின்கள். மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டு வாங்குங்கள், ஒன்று கட்டாயம் அன்று மக்கர் பண்ணும். புதிய போன்களில் 3.5 மி.மீ. துளை இல்லை, அதற்கான யுஎஸ்பி-சி மாற்றியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத இரைச்சல் வந்தால் பெரும்பாலும் லேப்டாப் சார்ஜர்தான் காரணம். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் பேட்டரியிலேயே ஓட்டுங்கள், அல்லது லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள்.

ஆப்பில் மாற்ற வேண்டியவை: ஷஃபிள் அணைக்க வேண்டும், கிராஸ்ஃபேட் பூஜ்யம், இடைவெளியில்லாமல் ஓடும் வசதி ஆன், சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி ஆஃப், தரம் உச்ச அளவு. கிராஸ்ஃபேட் இருந்தால் ஒரு பாட்டின் கடைசி வினாடிகள்மேல் அடுத்த பாட்டு ஏறிவிடும். சமப்படுத்தும் வசதி இருந்தால், மெல்லிய பாட்டும் ஆர்ப்பரிக்கும் பாட்டும் ஒரே அளவாகி, ஆல்பம் கட்டியவர் யோசித்து வைத்த ஏற்ற இறக்கம் தட்டையாகக் கூடும். ஆல்பத்தை முந்தின இரவே இறக்கி வையுங்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 150 எம்பி-க்குள்தான் ஆகும். பிறகு போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். உருப்படி உச்சத்துக்குப் போகும்போது லோன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பு வருவது இந்த நாட்டின் விதி.

யாராவது எல்பி கொண்டுவந்தால் டர்ன்டேபிளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைக் கூட்டித் தரும் சின்னப் பெட்டி) வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் ஈனமாகக் கேட்கும். சில டர்ன்டேபிளில் அது உள்ளேயே இருக்கும், பின்பக்கம் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். தாத்தா காலத்து 78 சுழற்சித் தட்டை எல்பி ஊசியில் போடாதீர்கள். அதன் பள்ளம் பல மடங்கு அகலம், ஊசியும் கெடும், ஒலியும் கரகரக்கும். கேசட் என்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் டெக்கின் ஹெட்டைத் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

கரண்ட்: பராமரிப்பு மின்தடையை மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் முன்கூட்டியே அறிவிக்கும், முந்தின நாள் பாருங்கள். அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் இருந்தாலும் மாறும் அந்தச் சில வினாடியில் ஸ்பீக்கர் அணைந்து, திரும்ப ஏறும்போது ‘டப்’ என்று அடிக்கும். மழை மாதங்களில் ஸ்பீக்கரை யுபிஎஸ் பாயின்டில் செருகுங்கள். ஹாலில் எந்த பிளக் அது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

7. அன்றைய நேரம்

ஞாயிறு மாலை 3.30-க்கு வாசல் திறப்பு. 3.50-க்கு ஆல்பத்தைப் பற்றிப் பத்து நிமிடம்: யார், எந்த ஆண்டு, எங்கே பதிவானது. இது ரசிப்புரை அல்ல, ‘இதில் மூன்றாவது பாட்டுதான் உயிர்’ என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் எல்லோர் காதும் மூன்றாவது பாட்டுக்காகக் காத்திருக்கும். 4 மணிக்கு முதல் பாதி, 4.25-க்கு ஐந்து நிமிட இடைவேளை, பிறகு இரண்டாம் பாதி. 4.55-க்கு எழுதும் நேரம். 5.05-க்கு டீ. 5.20-க்கு ஆளுக்கு மூன்று நிமிடமாகச் சுற்றுப் பேச்சு, 6 மணி சுமாருக்குத் திறந்த பேச்சு, 6.20-க்கு அடுத்த ஆல்பம் முடிவு, 6.30-க்கு ஹால் காலி.

பாட்டு ஓடும்போது பேச்சு கிடையாது, தட்டு ஏந்துவதும் கிடையாது. முறுக்கு, மிக்சர் வாங்காதீர்கள். கடிக்கும் சத்தம் வயலினை மூழ்கடிக்கும். இட்லியோ கேசரியோ வாங்குங்கள். தாமதமாக வருபவர் இடைவேளைவரை வெளியே காத்திருக்க வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே கடைப்பிடியுங்கள். சில்க் போர்டு நெரிசலில் மாட்டியவருக்கும் இதே விதிதான்.

8. பேச்சு: முதலில் எழுது, பிறகு பேசு

ஒரு கூட்டம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். ஆல்பம் முடிந்த உடனே யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு தாள், பத்து நிமிடம், மூன்று கேள்வி:

எந்தப் பாட்டை இன்னொரு முறை உடனே கேட்பீர்கள்? எந்த நிமிடத்தில், எந்த இடத்தில் உங்கள் கவனம் திரும்பியது? ஒரு பாட்டை எடுத்துவிடச் சொன்னால் எதை எடுப்பீர்கள், ஏன்?

எழுதாமல் பேச விட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். குழுவில் நன்றாகச் சங்கீதம் தெரிந்த ஒருவர் முதலில் பேசுவார். ‘இது கீரவாணி, அந்த நிஷாதத்தைப் பாருங்கள்’ என்பார். அதற்குப் பிறகு மற்றப் பதினொரு பேரும் தலையாட்டிவிட்டு, ‘அவர் சொன்னதேதான்’ என்பார்கள். பன்னிரண்டு பேர் கேட்டதில் ஒரு கருத்துதான் மிஞ்சும். எழுதிவிட்டால் கருத்து தாளில் நிற்கும், பிறகு யார் என்ன சொன்னாலும் தன் தாளைப் பார்த்துத்தான் பேச வேண்டும். மாறுபட்டால் மாறுபடட்டும். சுற்றில் சங்கீதம் தெரிந்தவர் கடைசியில் பேசட்டும். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

மூன்றாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். ‘எல்லாமே சூப்பர்’ என்பவரை அது காலூன்ற வைக்கும்.

இடத்தைச் சொல்லும்போது துல்லியம் கேளுங்கள். ‘பின்னணி இசை அருமை’ என்பதில் ஒன்றும் இல்லை. ‘இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையில், 2 நிமிடம் 40 வினாடியில், புல்லாங்குழல் நின்று கிடார் ஏறுகிறதே, அங்கே’ என்று சொன்னால் அந்த இடத்தை உடனே திருப்பி ஓட்டலாம், எல்லோரும் கேட்கலாம், மறுக்கலாம். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் என்ற நான்கு சொற்கள் பழகிவிட்டாலே பேச்சின் தரம் மாறிவிடும். லேப்டாப் பக்கத்தில் ஒருவர் இதற்கென்றே உட்காரட்டும்.

இனி, தடுக்க வேண்டியவை.

ராஜா, ரஹ்மான் சண்டை. இதைத் தொடங்க ஒரு வாக்கியம் போதும், முடிக்க இரவு போதாது. ஆகவே விதி: அன்று மேசையில் இல்லாத இசையமைப்பாளர் பெயரை, சுற்றுப் பேச்சு முடியும்வரை யாரும் எடுக்கக் கூடாது. திறந்த பேச்சில் எடுக்கலாம், ஆனால் பாட்டுக்குப் பாட்டு ஒப்பிட வேண்டும், ஆளுக்கு ஆள் கூடாது.

‘அந்தக் காலத்துப் பாட்டு போல வருமா’ என்பவரிடம் மரியாதையாக, ‘அண்ணா, இந்த ஆல்பத்தில் எந்த இடம் உங்களுக்குப் போதவில்லை?’ என்று கேளுங்கள். திட்டவட்டமாகக் கேட்டால் அவரிடமிருந்து நல்ல பதில்கள் வரும், பெரியவர்கள் நிறையக் கேட்டவர்கள்.

நினைவுக் கதைகள். ‘எங்கள் அக்கா கல்யாணத்தில் இந்தப் பாட்டுதான்’ என்பதற்கு ஒரு நிமிடம் கொடுங்கள், முழுவதுமாகத் தடுத்தால் கூட்டம் வறண்டுவிடும். நிமிடம் முடிந்தால் மணி அடியுங்கள்.

பத்துக்கு மதிப்பெண் போடுவதை முதல் நான்கைந்து கூட்டத்துக்குத் தவிர்த்துவிடுங்கள். எண் வந்தால் காரணம் போய்விடுகிறது, எல்லோரும் ஏழு, எட்டு என்று போட்டுவிட்டு டீக்கு எழுந்துவிடுவார்கள்.

9. தாள்களைச் சேர்த்து வையுங்கள், சங்கப் பதிவுக்கு அவசரப்படாதீர்கள்

எழுதிய தாள்களைப் படமெடுத்து ஒரே கோப்புறையில் தேதியோடு போடுங்கள். யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் ஆறாவது கூட்டத்தில் பழைய ஆல்பத்துக்குத் திரும்பும்போது, அன்று ‘எடுத்துவிடலாம்’ என்று எழுதிய பாட்டைத்தான் இன்று உயிர் என்கிறார் என்று காட்ட அது வேண்டும். நல்ல சிரிப்புக்கும் நல்ல பேச்சுக்கும் அதைவிடத் தூண்டில் இல்லை.

மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகு ஒருமுறை, ஜே.பி. நகரில் இருக்கும் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் அருங்காட்சியகத்துக்குக் குழுவாகப் போய்வரலாம். ஹால் கிடைக்காத மாதத்துக்கு ஏற்ற மாற்று.

சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று சீக்கிரமே யாராவது கேட்பார். கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960-இன்படி குறைந்தது ஏழு பேர், சங்கத்தின் நோக்கக் குறிப்பாணை, விதிகள், உறுப்பினர்களின் அடையாள, முகவரி ஆவணங்கள், அலுவலக முகவரிக்கான சான்று ஆகியவை வேண்டும். பதிவானபிறகு பான், வங்கிக் கணக்கு, ஆண்டுக் கணக்குத் தாக்கல் என்று வேலை தொடரும். மாதம் 1,800 ரூபாய் புரளும் குழுவுக்கு இது தேவையில்லை. ஓர் ஆண்டு நடத்திவிட்டு, கையில் ஐம்பது ஆயிரத்துக்கு மேல் பணம் நிற்கும் நிலை வந்தாலோ, பொது மண்டபம் ஒன்று பதிவுச் சான்று இல்லாமல் ஹால் தர மாட்டேன் என்றாலோ அப்போது யோசியுங்கள். அதுவரை உறுப்பினர் பட்டியல் ஒன்றும், கணக்குத் தாள் ஒன்றும், ஹால் ரசீதுகளும் ஒரே உறையில் இருந்தால் போதும்.